ஓட்டை சொல்லும் காரணம்: சாலை மிதிவண்டியும் பஞ்சரும்

ரோட் பைக் எனப்படும் சாலை மிதிவண்டி, 25 அல்லது 28 மில்லிமீட்டர் அகலமே உள்ள டயரில் ஓடுகிறது. அந்த டயருக்குள் இருக்கும் டியூபின் சுவரோ ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாதது. கார் டயரில் உள்ளதைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு அழுத்தத்தில் காற்றைத் தாங்கிக்கொண்டு, வண்டியும் ஆளும் சேர்ந்த எடை முழுவதையும் சக்கரத்துக்குச் சுமார் ஏழு சதுர சென்டிமீட்டர் பரப்பில் தரைக்குக் கடத்துவது இந்த மெல்லிய உறைதான். எனவே இத்தகைய வண்டியில் பஞ்சர் தவிர்க்க முடியாதது என்றும், அது நேர்வதும் நேராததும் அவரவர் அதிர்ஷ்டம் என்றும் மிதிவண்டிக்காரர் பலர் நம்புகின்றனர். அந்த நம்பிக்கைக்கு டியூபே மறுப்புச் சொல்கிறது. ஓட்டை டியூபின் எந்தப் பக்கத்தில் விழுந்துள்ளது, எந்த வடிவில் உள்ளது, ஒன்றா இரண்டா என்பவற்றைப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். காரணம் தெரிந்த பஞ்சர் அதே வழியில் மறுமுறை வரவேண்டியதில்லை. விலையுயர்ந்த தடித்த டயரை வாங்குவதைவிட, வாரம் ஒருமுறை காற்றழுத்தத்தையும் டயரின் மேற்பரப்பையும் பார்ப்பதே பஞ்சரைக் கூடுதலாகக் குறைக்கும் என்பதே இப்பதிவின் வாதம்.

காற்றடைத்த டயரின் வரலாறே பஞ்சரோடு பின்னிக் கிடக்கிறது. ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-இல் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மிதிபடி வைத்த வண்டிகள் பரவலாகாத காலமாதலால் அது குதிரை வண்டிகளில் சோதிக்கப்பட்டதோடு நின்று, விரைவில் மறக்கப்பட்டது. பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்பதற்காகச் செய்த டயருக்கு 1888-இல் காப்புரிமை பெற்றார். அந்த டயர் சக்கர வளையத்தோடு ஒட்டப்பட்டிருந்ததால், ஒரு சிறு ஓட்டையை அடைப்பதற்கே பல மணி நேரம் பிடித்தது. பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரான் நகரைச் சேர்ந்த மிஷலின் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய டயரை 1891-இல் கொண்டுவந்ததும், அதே ஆண்டு முதன்முறையாக நடந்த பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நெடும்பந்தயத்தில் சார்ல் தெரோன் அந்த டயரோடு வென்றதும் இந்தச் சிக்கலிலிருந்து பிறந்தவையே. அடுத்த ஆண்டு தாங்களே நடத்திய பந்தயத்தில், தங்கள் டயரைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று காட்டுவதற்காக, அவர்கள் பாதையில் ஆணிகளைத் தூவச் செய்ததாகவும் சொல்லப்படுகிறது. நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடைக்காரர்கள் ஆணி போடுகிறார்கள் என்று தமிழ்நாட்டில் உலவும் ஐயத்துக்கு இப்படியொரு பிரெஞ்சு முன்னோடி உண்டு.

காரணங்களைப் பார்ப்பதற்குமுன் சக்கரத்தின் உறுப்புகளைச் சற்றுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. டயர் என்பது வெறும் ரப்பர் அன்று. நைலான் போன்ற நூல்களை நெருக்கமாக அடுக்கி ரப்பரில் தோய்த்த துணி உறையே அதன் உடல், தரையில் உருளும் தடித்த ரப்பர் பட்டை அதன் மேல் ஒட்டப்பட்டது. டயரின் இரு ஓரங்களிலும் எஃகுக் கம்பியோ கெவ்லார் நாரோ வளையமாக ஓடி, டயரை ரிம்மின் உட்பக்க மடிப்பில் பிடித்துவைக்கிறது. டயரின் பக்கவாட்டில் 28-622 என்று அச்சிட்டிருந்தால், முதல் எண் டயரின் அகலத்தையும், இரண்டாவது எண் அந்த ஓரம் ரிம்மில் அமரும் வட்டத்தின் விட்டத்தையும் மில்லிமீட்டரில் குறிக்கின்றன. கடைகளில் 700சி என்று வழங்கும் அளவு இந்த 622 தான். ரிம்மின் அடிப்பகுதியில் ஆரக்கம்பிகளின் நிப்பிள்களுக்கான துளைகள் இருக்கும். டியூப் அத்துளைகளுக்குள் பிதுங்காமல் காக்கும் நாடாவுக்கு ரிம் டேப் என்று பெயர். பஞ்சர் என்பது இந்த உறுப்புகளில் ஏதேனும் ஒன்று தன் வேலையைச் செய்யத் தவறியதன் விளைவு.

டியூபைக் கழற்றிச் சற்றே காற்றடித்துப் பார்த்தால் ஓட்டைகள் ஏறத்தாழ நான்கு வகையாகப் பிரியும். தரையை நோக்கிய வெளிப்பக்கத்தில் ஒற்றைத் துளையாக இருப்பது முள், கம்பி, கண்ணாடி போன்றவை குத்தியதால் வந்தது. பக்கவாட்டில், ஏறக்குறைய ரிம்மின் அகல இடைவெளியில், இணையாக இரண்டு சிறு கீறல்கள் இருந்தால் அது பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையில் டியூப் நசுங்கியதன் அடையாளம். மிதிவண்டிக்காரர்கள் இதைப் பாம்புக் கடி என்பர். ரிம்மை நோக்கிய உட்பக்கத்தில் துளை இருந்தால் குற்றவாளி சாலையில் இல்லை, சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால், காற்றடிக்கும்போது பம்பின் தலையை ஆட்டி இழுத்ததோ, குறைந்த காற்றில் ஓட்டியதால் டியூப் ரிம்மின் மேல் மெல்ல நகர்ந்து வால்வைச் சாய்த்ததோ காரணமாக இருக்கும். இந்நான்கில் முதல் வகையை மட்டுமே சாலையின் மீது சுமத்த முடியும், அதையும் முழுமையாகச் சுமத்த முடியாது.

பாம்புக் கடிக்கு ஏறக்குறைய ஒரே காரணம்தான்: காற்றுக் குறைவு. டயருக்குள் அழுத்தம் போதுமானதாக இருந்தால், பள்ளத்தின் விளிம்பு டயரை அமுக்கும்போது ரிம்வரை அது எட்டுவதில்லை. அழுத்தம் குறைந்திருந்தால் ரிம்மின் இரு ஓரங்களும் டியூபை வெட்டிவிடுகின்றன. இது தெரிந்தும் மிதிவண்டிக்காரர்கள் தவறுவதற்குக் காரணம், காற்று யாரும் பார்க்காமலேயே குறைவதுதான். பெரும்பாலான டியூப்கள் பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பரால் ஆனவை. ஓட்டை எதுவும் இல்லாமலேயே அவற்றின் சுவர் வழியாகக் காற்று கசிந்து வாரத்துக்குச் சில பி.எஸ்.ஐ. அழுத்தம் இறங்கும். பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர அங்குலப் பரப்பில் எத்தனை பவுண்டு அழுத்தம் என்பதைக் குறிக்கும் அலகு; 14.5 பி.எஸ்.ஐ. ஒரு பாருக்குச் சமம். பந்தய வீரர்கள் விரும்பும் லேட்டக்ஸ் டியூப்களோ மென்மையும் நெகிழ்வும் மிக்கவை என்றாலும், ஒரே இரவில் கையால் உணரும் அளவுக்குக் காற்றை இழக்கின்றன. பால்காரர் வண்டியில் மாதம் ஒருமுறை காற்றடித்துப் பழகிய கண்ணுக்கு இந்த வேகம் நம்பமுடியாததாகத் தோன்றலாம். பழைய கனத்த வண்டியின் அகன்ற டயரில் காற்றின் கொள்ளளவு பெரிது, தேவையான அழுத்தமும் குறைவு, ஆகையால் அங்கே சில பி.எஸ்.ஐ. இறங்கினாலும் ஓட்டுபவருக்கு அது தெரிவதில்லை.

கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து அளவிடும் வழக்கம் சாலை மிதிவண்டிக்கு உதவாது, ஏனெனில் 60 பி.எஸ்.ஐ.யும் 90 பி.எஸ்.ஐ.யும் விரலுக்குக் கல்லாகவே தோன்றும். அழுத்தமானி பொருத்திய, நின்றுகொண்டு அடிக்கும் பம்பு ஒன்று வீட்டில் இருப்பது இதனால்தான் ஆடம்பரம் ஆகாது. பஞ்சரைத் தடுக்கும் கருவிகளில் அதற்கே முதலிடம் தரலாம். பழைய வண்டிகளில் வால்டியூப் மாட்டிய வால்வு வழியாக உள்ளழுத்தத்தைத் துல்லியமாக அளப்பது கடினம். சாலை மிதிவண்டிகளில் உள்ள மெல்லிய பிரெஸ்டா வால்வில் உச்சியில் இருக்கும் சிறு திருகை விடுவித்துவிட்டால் அழுத்தத்தை நேராக அளக்கலாம். பெட்ரோல் பங்கில் காற்றடிப்பதற்கு இந்த வால்வின் மேல் தனி அடாப்டர் மாட்டவேண்டும். அப்படி மாட்டினாலும், கார், லாரிகளுக்கான அந்த இயந்திரம் மிதிவண்டியின் சிறு கொள்ளளவுக்குள் ஒரு நொடியில் தேவைக்கு மேல் காற்றைத் தள்ளிவிடக்கூடும் என்பதால், வேறு வழியில்லாதபோது மட்டும் அதை நாடுவது நல்லது.

எவ்வளவு அழுத்தம் என்ற கேள்விக்கு டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை விடையாகக் கொள்வது பரவலான பிழை. அது தாண்டக்கூடாத உச்ச வரம்பே தவிர, பரிந்துரை அன்று. அமெரிக்கப் பொறியாளரும் மிதிவண்டி எழுத்தாளருமான ஃபிராங்க் பெர்டோ, ஏற்றப்பட்ட எடையால் டயர் தன் உயரத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடு தாழும் அளவுக்குக் காற்று இருக்கவேண்டும் என்ற விதியை அளவீடுகளின் அடிப்படையில் முன்வைத்தார். இன்றுள்ள அழுத்தக் கணிப்பான்கள் பலவும் ஏதோ ஒரு வகையில் இந்தச் சிந்தனையை ஒட்டியவை. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் 25 மில்லிமீட்டர் டயரில் சுமார் 85 பி.எஸ்.ஐ.யிலும், 28 மில்லிமீட்டர் டயரில் 70 முதல் 75 பி.எஸ்.ஐ. வரையிலும் தொடங்கி, சாலைக்கேற்பச் சிறிது கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். பின்சக்கரமே எடையில் பெரும்பங்கைத் தாங்குவதால் முன்சக்கரத்துக்குச் சில பி.எஸ்.ஐ. குறைவாக வைப்பது வழக்கம். அளவுக்கு மீறி அடிப்பதும் காப்பு ஆகாது: கல்லாக விறைத்த டயர் சரளையின் மேல் வளைந்துகொடுக்காமல் முழு விசையையும் ஒரே புள்ளியில் ஏற்று வெட்டுப்படும். உட்பக்க மடிப்பு இல்லாத புதிய வகை ரிம்களில் 5 பார், அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ. என்ற வரம்பை மீறவே கூடாது. மீறினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும்.

ஒரு காலத்தில் 23 மில்லிமீட்டர் டயரே சாலை மிதிவண்டியின் இலக்கணமாக இருந்தது. இப்போது தொழில்முறைப் பந்தய வீரர்களே 28, 30 மில்லிமீட்டர் டயர்களுக்கு மாறிவிட்டனர். அகன்ற டயர் குறைந்த அழுத்தத்தில் அதே எடையைத் தாங்குவதோடு, ரிம்முக்கும் தரைக்கும் இடையே கூடுதல் உயரத்தையும் தருவதால் பாம்புக் கடி வெகுவாகக் குறைகிறது. வண்டியின் ஃபோர்க்கும் பிரேக்கும் இடங்கொடுக்குமானால், பஞ்சருக்காகச் செய்யத்தக்க செலவுகளில் இந்த மாற்றமே மிகவும் பயனுள்ளது.

இனி வெளியிலிருந்து குத்துபவை. ஒரு கண்ணாடிச் சில்லின் மேல் ஏறிய அக்கணமே காற்று இறங்கும் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு: சில்லு முதலில் மேல்ரப்பரில் மட்டும் பதிகிறது, 700சி சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 470 முறை சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் தரை அச்சில்லை மேலும் சற்று உள்ளே தள்ளுகிறது, துணி உறையைக் கடந்து டியூபைத் தொடும்போது, அது பதிந்து சில கிலோமீட்டர்களோ சில நாட்களோ ஆகியிருக்கும். பஞ்சரைத் தவிர்க்க விரும்புபவருக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை. டயரை வாரம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றிப் பார்த்து, பதிந்திருக்கும் சில்லுகளை மழுங்கிய ஊசியாலோ சிறு கூர்முனையாலோ கிளறி எடுத்துவிட்டால், வரவிருந்த பஞ்சர்களில் ஒரு பகுதி வராமலேயே போகும். சவாரி முடிந்து வீடு திரும்பும்போதெல்லாம் இதைச் செய்பவர்களும் உண்டு. மழைக்காலத்தில் அது மிகையன்று. ஈரம் மசகுபோல் வேலை செய்வதால் நனைந்த ரப்பரைக் கண்ணாடி எளிதில் வெட்டிவிடுகிறது. மிதிவண்டிச் சக்கரக் கட்டுமானம் பற்றிய நூலால் அறியப்பட்ட பொறியாளர் ஜாப்ஸ்ட் பிராண்ட் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். அதோடு வடகிழக்குப் பருவமழை சாலையின் குப்பையையெல்லாம் அரித்து, மிதிவண்டி செல்லும் இடது ஓரத்திலேயே கொண்டுவந்து சேர்க்கிறது.

நெடுஞ்சாலைகளில் கண்ணாடியைவிடத் தொல்லை தருவது, வெடித்த லாரி டயர்களிலிருந்து சிதறும் எஃகு இழைகள். ரேடியல் டயரின் உடலில் தலைமுடிபோன்ற மெல்லிய எஃகுக் கம்பிகள் பின்னப்பட்டிருக்கின்றன. டயர் கிழிந்து சாலையோரத்தில் கிடந்து சிதையும்போது அவை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துண்டுகளாகப் பரவுகின்றன. இவை ஏற்படுத்தும் துளை மிக நுண்ணியதாகையால் காற்று உடனே இறங்காமல், இரவு நிறுத்திய வண்டி காலையில் தரைதட்டி நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் கம்பி தெரியாது. டயரைக் கழற்றி உட்புறத்தைத் தடவினாலும் விரலுக்கு எளிதில் அகப்படாது. பருத்தித் துணியையோ பஞ்சையோ டயரின் உட்புறம் முழுவதும் இழுத்துச் சென்றால், கம்பி இருக்கும் இடத்தில் இழை மாட்டிக்கொள்ளும். அதைக் குறட்டால் பிடுங்காமல் புதிய டியூப் போடுவது அந்த டியூபையும் இழப்பதற்கான வழி.

முட்களில் நெருஞ்சிக்குத் தனியிடம் உண்டு. மஞ்சள் பூப்பூத்துத் தரையோடு படரும் இச்செடி, மத்தியதரைக் கடற்பகுதி தொடங்கித் தெற்காசியா வரையிலான வெப்ப நிலங்களுக்கு உரியது; சித்த மருத்துவத்தில் சிறுநீர்க் கோளாறுகளுக்குப் பயன்படுவதால் தமிழர்க்கு மூலிகையாகவும் அறிமுகமானது. அதன் காய் முற்றியதும் ஐந்து துண்டுகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு வலிய முட்கள் இருப்பதால், அது எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கியே நிற்கும். மண் கிளறப்பட்ட தார்ச்சாலை ஓரமே இதற்குப் பிடித்த இடம் என்பது மிதிவண்டிக்காரர்களின் பொல்லாத காலம். அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குள் நுழைந்த இச்செடி அங்கே மிதிவண்டிக்காரர்களின் முதன்மைப் பகையாகி, அதன் விதையையும் தண்டையும் துளைத்து அழிக்கும் இரண்டு வகைக் கூன்வண்டுகளை 1961-இல் அரசே கொண்டுவந்து விடவேண்டிய நிலை வந்தது. இந்தியா, பிரான்ஸ், இத்தாலி ஆகியவை அவ்வண்டுகளின் இயல்பிடங்கள். ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில் 2018-இல் தொடங்கிய மிதிவண்டித் திருவிழா ஒன்று இந்த முள்ளின் பெயரையே தாங்குகிறது; விழாவுக்கு முந்தைய வாரங்களில் நகர மக்கள் நெருஞ்சிச் செடிகளைப் பிடுங்கி மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து சேர்க்கின்றனர். விதை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கக் கூடியதாகையால், காய் முற்றுவதற்குமுன் செடியை வேரோடு எடுப்பதுதான் பயன் தரும். வீட்டுக்கும் சாலைக்கும் இடைப்பட்ட ஐந்தடி மண்ணில் இதைச் செய்வது யாருக்கும் கடினமன்று.

சீமைக் கருவேல முள் இன்னொரு வகை. இராமநாதபுரம் போன்ற வறண்ட மாவட்டங்களின் சாலைகளில் இது இருபுறமும் அடர்ந்து நிற்கும். விறகுக்காகவோ சாலை ஓரத்தைத் துப்புரவு செய்வதற்காகவோ வெட்டிய கிளைகள் சாலை ஓரத்தில் இழுத்துச் செல்லப்பட்ட நாட்களில், உதிர்ந்த முட்கள் எந்த டயரையும் நேராகத் துளைக்கும். இங்கே வாராந்தரச் சோதனை உதவாது. கண்ணும் பாதைத் தேர்வுமே உதவும். கார், பேருந்துச் சக்கரங்கள் ஓடும் தடம் எப்போதும் ஓரளவு கூட்டிப் பெருக்கியதுபோல் இருக்கும். அதற்கு இடப்புறம், வெள்ளைக்கோட்டுக்கு அப்பால் உள்ள ஓரத்தில்தான் எல்லாக் குப்பையும் ஒதுங்குகிறது. பாதுகாப்புக்காக ஓரத்தோடு ஒட்டி ஓட்டுபவர், பஞ்சரைப் பொறுத்தவரை மிக மோசமான பாதையைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார். போக்குவரத்து இடங்கொடுக்கும் அளவுக்கு வெள்ளைக்கோட்டின் உட்புறமாக, நேர்கோட்டில் ஓட்டுவதே இரண்டுக்கும் இடைப்பட்ட நியாயமான வழி. பின்சக்கரத்தில் பஞ்சர் கூடுதலாக வருவதற்கு அது தாங்கும் எடை மட்டும் காரணமன்று. படுத்துக் கிடக்கும் ஆணியையோ கம்பியையோ முன்சக்கரம் கிளப்பி நிமிர்த்திவிட, பின்னால் வரும் சக்கரம் அதன் மேல் ஏறுகிறது என்ற விளக்கமும் உண்டு.

கவசங்களைப் பற்றி விளம்பரங்கள் பேசுவது அதிகம். மேல்ரப்பருக்கும் துணி உறைக்கும் இடையே வலிய நாரால் ஆன ஒரு பட்டையை வைப்பதே பெரும்பாலான பஞ்சர்த் தடுப்பு டயர்களின் உத்தி. கான்டினென்டல் நிறுவனம் பயன்படுத்தும் வெக்ட்ரான் என்னும் நார், 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் காற்றுப்பைகளிலும் இருந்தது. நெருஞ்சி முள்ளுக்கு எதிராகச் செவ்வாய்க் கிரகத் துணியை நிறுத்துவதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் பிளஸ் டயரோ 5 மில்லிமீட்டர் தடித்த மீள்திறன் மிக்க ரப்பர் அடுக்கை உள்ளே வைத்திருக்கிறது. அலுவலகம் செல்பவர்க்கும் நெடும்பயணிக்கும் அது வரம். சாலை மிதிவண்டியிலோ எடையும் உருளும்போது ஏற்படும் இழுவையும் கூடி, அந்த வண்டியை வாங்கியதன் நோக்கத்தையே கெடுத்துவிடும். டயருக்கும் டியூபுக்கும் நடுவே வைக்கும் பிளாஸ்டிக் பட்டைகள் இன்னும் ஐயத்துக்குரியவை: அவை முள்ளைத் தடுத்தாலும், அவற்றின் முனைகள் உயர் அழுத்தத்தில் டியூபையே தேய்த்து ஓட்டையிட்ட நிகழ்வுகள் உண்டு. நடுத்தரக் காப்புப்பட்டை உள்ள 28 மில்லிமீட்டர் டயரை வாங்கி, மிச்சப் பணத்தில் அழுத்தமானி உள்ள பம்பை வாங்குவது மேல்.

உட்பக்கத்தில் விழும் ஓட்டைகளுக்கு மருந்து ஒருமுறை செய்தால் போதும். ரிம் டேப் நகர்ந்தோ மெலிந்தோ போயிருந்தால், உயர் அழுத்தத்தில் டியூப் நிப்பிள் துளைக்குள் பிதுங்கி அதன் விளிம்பில் அறுபடும்; மலிவான ரப்பர் டேப்பை அகற்றிவிட்டு உயர் அழுத்தத்துக்கான துணி டேப்பை ஒட்டினால் அந்தத் தொல்லை தீரும். வால்வுத் துளையின் விளிம்பில் உலோகப் பிசிறு இருந்தால் அரத்தால் தேய்த்துவிடவேண்டும். டயரை மாட்டும்போது நேரும் நசுக்கல்தான் மீதி. டியூபை அதன் வடிவம் வரும் அளவுக்கு மட்டும் சற்றே ஊதி உள்ளே வைத்து, டயரின் கடைசிப் பகுதியை நெம்புகோலால் நெம்பாமல் இரு கைகளின் பெருவிரல்களால் உருட்டி ஏற்றி, பிறகு சக்கரத்தின் இருபுறமும் முழுச் சுற்றும் ஓரத்தை விலக்கிப் பார்த்து, டியூப் எங்கும் டயருக்கு அடியில் மாட்டியிருக்கவில்லை என்பதை உறுதிசெய்த பின்னரே முழுக் காற்றையும் அடிக்கவேண்டும். இந்தக் கடைசிச் சோதனையைத் தவிர்த்தவர்களின் டியூப்தான் முழுக் காற்று ஏறியதும் பட்டாசுச் சத்தத்தோடு வெடிக்கிறது.

வெயிலில் நிறுத்தினால் டயர் வெடித்துவிடும் என்ற அச்சத்தைச் சிறு கணக்கு ஒன்று தணிக்கும். 85 பி.எஸ்.ஐ. அடித்த டயரின் வெப்பநிலை 30-லிருந்து 60 டிகிரி செல்சியஸ் ஆக உயர்ந்தால், அழுத்தம் சுமார் 10 பி.எஸ்.ஐ. மட்டுமே கூடும்; நல்ல டயர் அதை எளிதில் தாங்கும். வெயிலில் வெடித்த டயர் பெரும்பாலும் முன்பே வெட்டுப்பட்டதாகவோ, ரிம்மில் சரியாக அமராததாகவோதான் இருக்கும். மலைச்சாலை இறக்கத்தில் வரும் வெப்பம் வேறு. வண்டியோடு 80 கிலோ எடையுள்ள ஒருவர் 1000 மீட்டர் உயரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல், இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் போன்ற பாதையில் வேகமே எடுக்க முடியாததால், அதில் பெரும்பகுதி பிரேக்கில்தான் வெப்பமாகிறது. பிரேக் ரிம்மைப் பிடிக்கும் வகையாக இருந்தால் அவ்வெப்பம் டியூபையும் தாக்கும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வராமல், வளைவுக்குமுன் உறுதியாகப் பிடித்து, பிறகு விட்டு, இடையில் நின்று ரிம்மை ஆறவிடுவதே முறை. டிஸ்க் பிரேக் வண்டிகளுக்கு இந்தக் கவலை இல்லை.

டியூபே இல்லாத டயர், அதாவது ட்யூப்லெஸ், பஞ்சருக்கு முழுத் தீர்வு என்று கூறப்படுவதில் பாதி உண்மை உண்டு. டயரும் ரிம்மும் காற்றுக் கசியாமல் பொருந்த, உள்ளே ஊற்றிய சீலன்ட் என்னும் லேட்டக்ஸ் கலந்த திரவம், சில மில்லிமீட்டர் வரையிலான துளைகளைத் தானே அடைத்துவிடுகிறது. நசுங்குவதற்கு டியூபே இல்லாததால் பாம்புக் கடியும் இல்லை. முள்ளும் கம்பியும் நிறைந்த பகுதிகளில் இதன் பயன் மறுக்க முடியாதது. ஆனால் சீலன்ட் சில மாதங்களில் காய்ந்து பயனற்றுப் போகும், வெப்பமான ஊர்களில் அது இன்னும் விரைவாகக் காயும். உரிய காலத்தில் மறுபடி ஊற்றாதவரின் ட்யூப்லெஸ் டயர், பாதுகாப்பு இருப்பதாகக் காட்டும் சாதாரண டயரே. பெரிய வெட்டு விழுந்தால் பிளக் எனப்படும் ரப்பர் திரியால் அடைக்கவேண்டும். அதுவும் பலிக்காவிட்டால், வழிந்து கையில் ஒட்டும் திரவத்துக்கிடையே டியூப் மாட்டவேண்டும். மாதம் நூறு கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இந்தப் பராமரிப்பு தேவையற்ற சுமை. வாரந்தோறும் நீண்ட தூரம் ஓட்டுபவருக்கு அது பயன் தரும்.

இத்தனைக்குப் பின்னும் பஞ்சர் வரும்போது, அடுத்த பஞ்சரைத் தவிர்க்கும் வேலை அங்கேயே தொடங்குகிறது. டயரின் பக்கத்தில் அச்சிட்ட பெயரை எப்போதும் வால்வுக்கு நேராக வைத்து மாட்டும் வழக்கம் அழகுக்காக மட்டும் வந்ததன்று. டியூபில் ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளதோ, டயரிலும் அதே தூரத்தில் தேடினால் முள் அகப்படும். ஒட்டும்போது டியூபை உரசி, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, அது பளபளப்பு அடங்கிக் காயும்வரை பொறுத்துப் பிறகு பேட்ச்சை அழுத்தவேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதுதான் ஒட்டு பிரிவதற்கு முதற்காரணம். வழியில் கரியமில வாயுக் குப்பியால் காற்று நிரப்பியவர், அவ்வாயு பியூட்டைல் ரப்பர் வழியாகச் சாதாரணக் காற்றைவிட வெகுவிரைவில் கசிந்துவிடும் என்பதால், வீடு திரும்பியதும் அதை வெளியேற்றிப் பம்பால் நிரப்பவேண்டும். மறுநாள் இறங்கிய டயரைப் பார்த்து ஒட்டின்மேல் பழிபோடத் தேவையில்லை.

நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்து, துணி உறையின் நூல் எங்காவது தெரியத் தொடங்கினால் டயரின் ஆயுள் முடிந்தது. பின்டயரே முதலில் தேயும். அப்போது புதிய டயரைப் பின்னால் போடாமல், முன்டயரைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னால் போடவேண்டும், ஏனெனில் ஓடும்போது பின்சக்கரத்தில் காற்று இறங்கினால் வண்டியை நிறுத்திவிடலாம், முன்சக்கரத்தில் இறங்கினால் ஆள் விழவேண்டிவரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்: டயரிலிருந்து பிடுங்கிய கண்ணாடிச் சில்லையும் கம்பித் துண்டையும் சாலையோரம் எறிந்துவிடாமல், சட்டைப்பையிலோ கருவிப்பையிலோ போட்டு வீட்டுக் குப்பையில் சேர்க்கவும், அதே ஓரத்தில்தான் அடுத்த மிதிவண்டியும் வருகிறது.